இயற்பியல் விதிகள் எதிர்காலத்தைத் தீர்மானிக்கின்றனவா? கடந்த காலத்தைக் காத்து வைக்கின்றனவா?

இயற்பியல் செய்திகளைத் தொடர்ந்து படிப்பவர்கள், ஒன்றோடொன்று ஒத்துப்போகாத கூற்றுகளை அடிக்கடி சந்திக்கிறார்கள். அடிப்படை விதிகளுக்குக் காலத்தின் இரு திசைகளும் ஒன்றே என்கிறது ஒரு கட்டுரை. ஒழுங்கின்மையின் அளவான எண்ட்ரோபி ஒரு திசையில் மட்டுமே கூடும் என்கிறது மற்றொன்று. குவாண்டம் உலகில் தற்செயலே ஆட்சி செய்கிறது என்று சொல்லும் அதே அறிவியலாளர், தகவல் ஒருபோதும் அழிவதில்லை என்றும் சொல்கிறார். இந்தக் கூற்றுகள் ஒவ்வொன்றும் அதனதன் எல்லைக்குள் சரியானவையே. தனித்தனியாக விடை காண வேண்டிய நான்கு கேள்விகளை ஒரே கேள்வியாகக் கருதுவதால்தான் முரண் தோன்றுகிறது.

## பிரித்துப் பார்க்க வேண்டிய நான்கு கேள்விகள்

முதலில் 'நிலை' என்பதை வரையறுக்க வேண்டும். ஓர் அமைப்பைப் பற்றி ஒரு கணத்தில் சொல்லக்கூடிய அனைத்தையும் உள்ளடக்கிய முழு விவரமே அதன் நிலை. நியூட்டனின் இயக்கவியலில் எல்லாத் துகள்களின் இடங்களும் உந்தங்களும் சேர்ந்தது நிலை. அணுக்கள் போன்ற மிகச் சிறியவற்றின் இயற்பியலான குவாண்டம் இயக்கவியலில், 'அலைச்சார்பு' எனப்படும் கணிதச் சார்பே நிலை. ஒரு நிலை அடுத்த நிலையாக எப்படி மாறுகிறது என்று சொல்வது விதி. இனி அந்த நான்கு கேள்விகள்:

1. தீர்மானத்தன்மை: இன்றைய நிலை ஒன்றிலிருந்து ஒரே ஒரு எதிர்காலம்தான் வர முடியுமா?
2. மீள்தன்மை: இன்றைய நிலை ஒன்றுக்கு ஒரே ஒரு கடந்த காலம்தான் இருக்க முடியுமா? அதாவது, வெவ்வேறு இரு நிலைகள் ஒருபோதும் ஒரே நிலையில் போய்க் கலந்துவிடாமல் இருக்கின்றனவா? 'தகவல் அழியாது' என்று இயற்பியலாளர்கள் சொல்வதன் பொருள் இதுதான்.
3. காலச் சமச்சீர்: நிகழ்ச்சியைப் பின்னோக்கி ஓட்டினால், அதுவும் அதே விதிக்கு உட்பட்ட நிகழ்ச்சியாக இருக்குமா?
4. கணிக்கும் திறன்: நம்மைப் போன்ற, அமைப்புக்கு உள்ளேயே வாழும் யாரேனும் எதிர்காலத்தை உண்மையில் கணக்கிட்டுவிட முடியுமா?

ஒன்றுக்கு 'ஆம்' என்பதால் மற்றவற்றுக்கும் 'ஆம்' என்று ஆகிவிடாது. 1970இல் ஜான் கான்வே வெளியிட்ட 'லைஃப்' என்னும் கட்டங்களின் ஆட்டத்தில் ஒவ்வொரு படியும் முந்தைய படியிலிருந்து ஐயமின்றி வருகிறது. ஆனால் தனியாக நிற்கும் ஓர் உயிர்க்கட்டமும், அருகருகே நிற்கும் இரு உயிர்க்கட்டங்களும் அடுத்த படியில் மறைந்து, ஒரே வெற்றுப் பலகையையே விட்டுச் செல்கின்றன. வெற்றுப் பலகையை மட்டும் பார்த்து முன்பு என்ன இருந்தது என்று சொல்ல வழியில்லை. அங்கே தீர்மானத்தன்மை உண்டு, மீள்தன்மை இல்லை.

இன்னொரு விதியைக் கற்பனை செய்வோம். அ, ஆ, இ என மூன்றே நிலைகள். அ ஆவாகும், ஆ இயாகும், இ மீண்டும் அவாகும். இங்கே முன்னும் பின்னும் ஐயமே இல்லை. ஆனாலும் பின்னோக்கி ஓட்டினால் சுழற்சி எதிர்த்திசையில் செல்லும். அது வேறொரு விதி. மீள்தன்மை இருந்தும் காலச் சமச்சீர் இல்லை. சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும் இந்த எடுத்துக்காட்டு, துகள் இயற்பியலுக்கு வரும்போது கைகொடுக்கும்.

## நியூட்டனின் உலகம்: நினைத்த அளவு இறுக்கமானதா?

1687இல் நியூட்டன் வெளியிட்ட இயக்க விதியின்படி விசை முடுக்கத்தைத் தருகிறது. முடுக்கம் என்பது இடம் மாறும் வேகத்தின் மாற்ற வீதம். காலத்தின் குறியை மாற்றினால் வேகத்தின் திசை திரும்பும், முடுக்கம் அப்படியே இருக்கும். எனவே ஒரு கோள் சூரியனைச் சுற்றுவதைப் பின்னோக்கிப் பார்த்தாலும் அது முறையான கோளியக்கமே. (காந்தப்புலம் இருந்தால் அதன் திசையையும் திருப்ப வேண்டும்; அப்புலத்தை உண்டாக்கும் மின்னோட்டமும் பின்னோக்கி ஓடும் என்பதால் இதில் ஏமாற்று எதுவும் இல்லை.) உராய்வு இந்தச் சமச்சீரை மீறுவது போலத் தோன்றுவதற்குக் காரணம், உராய்வுச் சமன்பாடு மூலக்கூறுகளின் கணக்கை விட்டுவிட்ட சுருக்கக் கணக்காக இருப்பதே.

1814இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லாப்லாஸ் இதிலிருந்து ஒரு பெரிய முடிவுக்கு வந்தார். ஒரு கணத்தில் எல்லா விசைகளையும் எல்லாப் பொருள்களின் நிலைகளையும் அறிந்து, அவற்றைக் கணக்கிடும் ஆற்றலும் கொண்ட ஓர் அறிவு இருக்குமானால், அதற்கு எதிர்காலமும் கடந்த காலமும் ஒருசேரத் தெரியும் என்றார். நியூட்டனின் விதிகளே இந்த முடிவை உறுதிசெய்கின்றன என்று பலர் இன்றும் கருதுகிறார்கள். கணிதம் அவ்வளவு தாராளமாக இல்லை.

அறிவியல் தத்துவவாதி ஜான் நார்ட்டன் ஒரு குவிமாடத்தை முன்வைத்தார். அதன் வளைவு, உச்சியிலிருந்து அளந்த தூரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப விசை கூடும்படி அமைந்தது. சாதாரணக் கோள வடிவக் குவிமாடத்தின் மேல், உச்சியில் சரியாக நிற்கும் அளவு வேகத்துடன் ஒரு துகளை மேல்நோக்கி உருட்டினால், அது உச்சியை நெருங்கிக்கொண்டே இருக்கும். முடிவுள்ள காலத்தில் அங்கு போய்ச் சேராது. நார்ட்டனின் குவிமாடத்திலோ அது முடிவுள்ள காலத்தில் உச்சியை அடைந்து நின்றுவிடுகிறது. இப்போது காலச் சமச்சீரைப் பயன்படுத்திப் பாருங்கள்: அந்த இயக்கத்தின் பின்னோக்கிய வடிவமும் நியூட்டனின் விதிக்கு உட்பட்டதே. எனவே உச்சியில் அசையாமல் இருக்கும் துகள், எந்தத் தூண்டுதலும் இன்றி, எந்தக் கணத்திலும் உருளத் தொடங்கலாம். எப்போது என்று விதி சொல்லாது. தீர்மானத்தன்மைக்குத் துணை என்று கருதப்பட்ட காலச் சமச்சீரே இங்கு அதைக் கவிழ்க்கிறது.

1992இல் கணிதவியலாளர் ஷியா ஜிஹோங் வேறொரு விரிசலைக் காட்டினார். ஐந்து புள்ளித்துகள்கள் ஈர்ப்பு விசையால் மட்டும் இயங்கி, ஒன்றோடொன்று மோதாமலேயே முடிவுள்ள காலத்தில் முடிவிலிக்குப் பறந்துவிட முடியும் என்று நிறுவினார். இதையும் பின்னோக்கி ஓட்டினால், எங்கிருந்தோ துகள்கள் முன்னறிவிப்பின்றி வந்து சேர்வதை விதி தடுக்கவில்லை என்றாகிறது.

இவை இயற்கையின் இயல்பைக் காட்டுகின்றன என்று நான் கருதவில்லை. அணுக்களாலான எந்தப் பொருளிலும் நார்ட்டனின் உச்சியைச் செதுக்க முடியாது. ஒளியின் வேகம் என்ற வரம்பு ஷியாவின் துகள்களைத் தடுத்துவிடும். ஆயினும் தீர்மானத்தன்மை விதியோடு இலவசமாக வருவதன்று, ஒவ்வொரு கோட்பாட்டிலும் தனியே நிறுவப்பட வேண்டியது என்பதை இவை உணர்த்துகின்றன.

## தீர்மானிக்கப்பட்டது வேறு, கணிக்கக்கூடியது வேறு

தீர்மானத்தன்மை முழுமையாக உள்ள இடத்திலும் கணிப்பு தோற்கலாம். 1989இல் ஜாக் லாஸ்கர் சூரியக் குடும்பத்தின் நெடுங்கால இயக்கத்தைக் கணக்கிட்டபோது, உட்கோள்களின் இயக்கத்தில் சிறு பிழைகள் ஏறத்தாழ 50 லட்சம் ஆண்டுகளுக்கு ஒருமுறை 2.7 மடங்காகப் பெருகுவதைக் கண்டார். பூமியின் இன்றைய இடத்தில் 15 மீட்டர் பிழை இருந்தால், 1 கோடி ஆண்டுகளில் அது சுமார் 150 மீட்டர்தான். 10 கோடி ஆண்டுகளிலோ அது 15 கோடி கிலோமீட்டர், அதாவது பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான தூரம் அளவுக்கு வளர்ந்துவிடும். சமன்பாட்டில் தற்செயலுக்கு இடமே இல்லை. நமது அளவீட்டின் நுட்பத்துக்கு வரம்பு இருக்கிறது, அவ்வளவே. இப்படிச் சிறு பிழைகள் பெருகும் அமைப்புகளை ஆராயும் கேயாஸ் கோட்பாடு தீர்மானத்தன்மையைத் தகர்த்துவிட்டது என்று எழுதுவோர் முதல் கேள்வியையும் நான்காம் கேள்வியையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

## பின்னோக்கியும் செல்லும் விதிகளிலிருந்து முன்னோக்கி மட்டும் செல்லும் உலகம்

இந்த விவாதத்தின் கடினமான பகுதி இதுதான். தனித்தனி மூலக்கூறுகளின் இயக்கம் காலச் சமச்சீர் உடையது என்றால், அவற்றின் கூட்டம் ஏன் ஒரே திசையில் மாறுகிறது?

1872இல் லுட்விக் போல்ட்ஸ்மான், வாயு ஒன்றின் எண்ட்ரோபி கூடியே தீரும் என்பதை மோதல்களின் கணக்கிலிருந்து வருவிக்க முயன்றார். 1876இல் அவருடைய நண்பர் யோசப் லோஷ்மிட் எழுப்பிய மறுப்பு எளியது, ஆனால் தப்ப முடியாதது: ஒரு கணத்தில் எல்லா மூலக்கூறுகளின் திசைவேகங்களையும் அப்படியே திருப்பிவிட்டால், வாயு வந்த வழியே திரும்பிச் செல்லும்; அப்போது எண்ட்ரோபி குறையும். விதி இரண்டையும் சமமாக அனுமதிக்கும்போது ஒன்றை மட்டும் எப்படி வருவிக்க முடியும்? போல்ட்ஸ்மானின் கணக்கில் ஓர் எடுகோள் ஒளிந்திருந்தது. மோதலுக்கு முன் மூலக்கூறுகளின் வேகங்கள் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை என்று அவர் கொண்டார். மோதலுக்குப் பின் அப்படிக் கொள்ளவில்லை. காலத்தின் திசை அந்த இடத்தில்தான் உள்ளே நுழைந்தது.

1877இல் போல்ட்ஸ்மான் தந்த விடை நிகழ்தகவின் அடிப்படையிலானது. அழுத்தம், வெப்பநிலை போன்றவற்றால் நாம் விவரிக்கும் ஒரு பெருநிலைக்குப் பொருந்தும் நுண்நிலைகள், அதாவது ஒவ்வொரு மூலக்கூறின் இடத்தையும் வேகத்தையும் குறிக்கும் முழு விவரங்கள், எண்ணற்றவை. அந்த எண்ணிக்கையின் மடக்கையே எண்ட்ரோபி. அறை வெப்பநிலையில் 1 லிட்டர் காற்றில் சுமார் 2.5 × 10²² மூலக்கூறுகள் உள்ளன. அவை அனைத்தும் தற்செயலாகப் பாத்திரத்தின் இடப்பாதியில் திரண்டிருக்கும் வாய்ப்பு, 2ஐ அத்தனை முறை பெருக்கி வரும் எண்ணில் ஒரு பங்கு. விதி அதைத் தடுக்கவில்லை, எண்ணிக்கைதான் தடுக்கிறது. ஆக, எண்ட்ரோபி குறையாது என்னும் வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி மற்ற விதிகளைப் போன்ற விதியன்று. மிகப் பெரும்பான்மை வழிகளில் என்ன நடக்கும் என்பதைச் சொல்லும் கூற்று அது.

லோஷ்மிட்டின் திருப்பம் வெறும் கற்பனையும் அன்று. 1950இல் எர்வின் ஹான் நீர்மங்களில் உள்ள அணுக்கருக்களின் சுழற்சிகளைக் கொண்டு அதையே செய்தார். ஒரு ரேடியோத் துடிப்பு அவற்றை ஒரே தாளத்தில் சுழலச் செய்கிறது. ஒவ்வொன்றும் சற்றே வேறு வேகத்தில் சுழல்வதால் தாளம் சிதறி, சமிக்ஞை மங்கி மறைகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒழுங்கு அழிந்துவிட்டது. இரண்டாவது துடிப்பு, முந்திச் சென்றவற்றைப் பின்தங்கியவையாகவும் பின்தங்கியவற்றை முந்தியவையாகவும் மாற்றுகிறது. சிதறுவதற்கு எடுத்துக்கொண்ட அதே கால அளவு கழிந்ததும் சமிக்ஞை தானாக மீண்டு வருகிறது. மருத்துவமனைகளின் எம்.ஆர்.ஐ. கருவிகள் இந்தச் 'சுழற்சி எதிரொலி'யை இன்றும் பயன்படுத்துகின்றன. ஒழுங்கு அழியவில்லை, நாம் பார்க்காத தொடர்புகளுக்குள் போய் ஒளிந்திருந்தது.

ஆனால் போல்ட்ஸ்மானின் விடையிலும் ஓர் ஓட்டை உண்டு. மேலோட்டமான விளக்கங்கள் பெரும்பாலும் அதைச் சொல்லாமல் கடந்துவிடுகின்றன. நுண்நிலைகளை எண்ணும் வாதத்துக்குக் காலத் திசை கிடையாது. இன்று எண்ட்ரோபி குறைவாக உள்ள ஓர் அமைப்பை எடுத்துக்கொண்டு, நாளை அது கூடியிருக்கும் என்று எண்ணிக்கையால் நிறுவினால், அதே எண்ணிக்கை நேற்றும் அது கூடுதலாகவே இருந்தது என்றும் சொல்லும்! நம் நினைவுகளும் பதிவேடுகளும் அப்படிச் சொல்லவில்லை. இந்த அபத்தத்திலிருந்து விடுபட, அண்டம் மிகக் குறைந்த எண்ட்ரோபியில் தொடங்கியது என்ற கூடுதல் செய்தியைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. இதை 'கடந்தகால எடுகோள்' என்பார்கள். இயக்க விதிகளில் இல்லாத 'காலத்தின் அம்பு', அதாவது காலத்தின் ஒருதிசைப் போக்கு, தொடக்க நிலையில்தான் இருக்கிறது.

அந்தத் தொடக்கத்துக்குச் சான்று உண்டு. பெருவெடிப்புக்கு ஏறத்தாழ 3,80,000 ஆண்டுகளுக்குப் பின் வெளிப்பட்ட நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சு, வானின் எல்லாத் திசைகளிலும் சுமார் லட்சத்தில் ஒரு பங்கு வேறுபாட்டுடன் சீராக இருக்கிறது. சீராகப் பரவிய வாயு என்றால் உயர்ந்த எண்ட்ரோபி அல்லவா என்று கேட்கலாம். ஈர்ப்பு பொருட்படுத்தத்தக்கதாக இல்லாத பாத்திரத்தில் அது சரி. ஈர்ப்பு ஆளும் இடத்தில் பொருள் திரள்வதே எண்ட்ரோபி கூடும் வழி. திரளலின் உச்சம் கருந்துளை. அந்த அளவுகோலில் சீரான தொடக்கம் மிகமிக அரிய நிலை. எவ்வளவு அரிது என்பதற்கு ரோஜர் பென்ரோஸ் தந்த மதிப்பீடு, 1க்குப் பின் 10¹²³ பூச்சியங்களை இட்டால் வரும் எண்ணில் ஒரு பங்கு. ஏன் அப்படித் தொடங்கியது என்பதற்கு ஏற்கப்பட்ட விளக்கம் இன்றுவரை இல்லை.

## காலச் சமச்சீர் உண்மையிலேயே உடையும் இடம்

மூன்றாம் கேள்விக்கு ஆய்வகம் தெளிவான விடை தந்துவிட்டது: அடிப்படை விதிகள் முழுமையான காலச் சமச்சீர் உடையவை அல்ல. 1964இல் ஜேம்ஸ் குரோனினும் வால் ஃபிட்சும் நடுநிலைக் கே-மேசான்கள் என்னும் குறுகிய வாழ்நாள் கொண்ட துகள்களின் சிதைவில், துகளுக்குப் பதில் எதிர்த்துகளையும் இடத்துக்குப் பதில் கண்ணாடிப் பிம்பத்தையும் ஒருசேர மாற்றினால் விதி மாறாது என்ற நம்பிக்கை பொய்ப்பதைக் கண்டார்கள். இவ்விரு மாற்றங்களோடு காலத்தையும் திருப்பினால் விதி மாறாது என்பது குவாண்டம் புலக் கோட்பாட்டின் உறுதியான தேற்றம். எனவே முதல் இரண்டின் கூட்டுச் சமச்சீர் உடைந்தால் காலச் சமச்சீரும் உடைந்தாக வேண்டும். ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்னில் நடந்த சிபிலியர் சோதனை 1998இல் இதை நேரடியாகக் காட்டியது: கே-மேசான் தன் எதிர்த்துகளாக மாறும் வீதமும், எதிர்த்துகள் கே-மேசானாக மாறும் வீதமும் சிறிதளவு வேறுபடுகின்றன. 2012இல் பாபர் என்னும் சோதனையின் குழுவினர் பி-மேசான்கள் என்னும் வேறு வகைத் துகள்களிலும் காலச் சமச்சீர் மீறலைக் கண்டனர்.

காலத்தின் அம்புக்கு விளக்கம் கிடைத்துவிட்டது என்று இதைக் கொண்டாடுவது தவறு. இந்த மீறல் மிகச் சிறியது; வாயு பரவுவதிலும் வெப்பம் பாய்வதிலும் அதற்குப் பங்கு இல்லை. மேலும், மேலே சொன்ன மூன்று நிலைச் சுழற்சியைப் போல, இங்கும் பின்னோக்கிய விதி முன்னோக்கிய விதியிலிருந்து சற்றே வேறுபடுகிறது. மீள்தன்மையோ சிறிதும் குலையவில்லை.

## குவாண்டம் இயக்கவியல்: ஒரே கோட்பாட்டுக்குள் இரு விதிகள்

தொடக்கத்தில் குறிப்பிட்ட முரண்களில் இரண்டாவது இங்கே பிறக்கிறது. 1926இல் ஷ்ரோடிங்கர் தந்த சமன்பாட்டின்படி அலைச்சார்பு முழுத் தீர்மானத்தன்மையுடனும் முழு மீள்தன்மையுடனும் மாறுகிறது. வேறுபட்ட இரு அலைச்சார்புகள் எவ்வளவு வேறுபட்டிருந்தனவோ அவ்வளவு வேறுபாடு என்றும் காக்கப்படுகிறது. நார்ட்டனின் குவிமாடம் போன்ற தொல்லைகளும் இங்கு பெரும்பாலும் இல்லை. அதே ஆண்டில் மாக்ஸ் போர்ன் தந்த இரண்டாவது விதி, அளவீட்டின்போது வெவ்வேறு முடிவுகள் எந்த நிகழ்தகவில் கிடைக்கும் என்பதை மட்டுமே சொல்கிறது. தனித்திருக்கும் நியூட்ரானின் சராசரி வாழ்நாள் ஏறக்குறைய 880 நொடி. ஒன்று முதல் நிமிடத்திலேயே சிதையும், மற்றொன்று அரை மணி நேரம் நீடிக்கும். அவற்றுக்கிடையே முன்கூட்டியே எந்த வேறுபாடும் இருந்ததாக அலைச்சார்பு சொல்லாது.

அளவீடு என்பது எப்போது நிகழ்கிறது, அளக்கும் கருவியும் அணுக்களால் ஆனதுதானே, அது ஏன் ஷ்ரோடிங்கர் சமன்பாட்டுக்குக் கட்டுப்படக் கூடாது என்ற கேள்விகளுக்கு ஒருமித்த விடை இல்லை. முன்வைக்கப்படும் விடைகள் தீர்மானத்தன்மையைப் பற்றி வெவ்வேறு முடிவுகளைத் தருகின்றன:

1. 1952இல் டேவிட் போம் முன்வைத்த கோட்பாட்டில் துகள்களுக்கு எப்போதும் குறிப்பிட்ட இடம் உண்டு; அலைச்சார்பு அவற்றை வழிநடத்துகிறது. அனைத்தும் தீர்மானிக்கப்பட்டவை, தற்செயல் என்பது தொடக்க இடங்களைப் பற்றிய நம் அறியாமை.
2. 1957இல் ஹியூ எவரெட் சொன்னதன்படி அளவீட்டுக்கான போர்னின் அந்த இரண்டாவது விதி தனியாகக் கிடையாது. அளவீட்டின் எல்லா முடிவுகளும் தனித்தனிக் கிளைகளில் நிகழ்கின்றன. முழு அண்டத்துக்குத் தீர்மானத்தன்மையும் மீள்தன்மையும் உண்டு. ஒரு கிளைக்குள் இருப்பவருக்கு மட்டும் அது தற்செயலாகத் தோன்றும்.
3. 1986இல் கிரார்டி, ரிமினி, வேபர் ஆகியோர் தந்த மாதிரியில் அலைச்சார்பு உண்மையிலேயே தற்செயலாகச் சுருங்குகிறது. தீர்மானத்தன்மையும் இல்லை, மீள்தன்மையும் இல்லை. இவ்வகைக் கோட்பாடுகளை ஆய்வகத்தில் சோதிக்கலாம் என்பதுதான் அவற்றின் பெருஞ்சிறப்பு. அலைச்சார்பு சுருங்கும்போது மின்னூட்டத் துகள்கள் மெல்லிய கதிர்வீச்சை வெளியிட வேண்டும். ஈர்ப்பே சுருக்கத்துக்குக் காரணம் என்னும் மாதிரியின் எளிய வடிவத்தை, இத்தாலியின் கிரான் சாசோ நிலத்தடி ஆய்வகத்தில் நடந்த சோதனை 2020இல் நிராகரித்தது.

ஜான் பெல் 1964இல் நிறுவிய தேற்றமும், அதைச் சோதித்து 2022இல் நோபல் பரிசு பெற்ற ஆஸ்பே, கிளவுசர், சைலிங்கர் ஆகியோரின் சோதனைகளும் தீர்மானத்தன்மையைப் பொய்யாக்கிவிட்டன என்று செய்திகளில் படித்திருப்பீர்கள். அவை நிராகரித்தது அதைவிடக் குறுகிய ஒன்றை: தாக்கம் ஒளியின் வேகத்தைத் தாண்டாது என்ற நிபந்தனைக்கு உட்பட்டு, அளவீட்டு முடிவுகளை முன்கூட்டியே தாங்கிநிற்கும் மறைந்த காரணிகளை. போமின் கோட்பாடு அந்த நிபந்தனையை ஏற்பதில்லை என்பதால் சேதமின்றித் தப்புகிறது. அதை நான் விரும்புகிறேனா என்பது வேறு விஷயம். சோதனை அதை விலக்கவில்லை.

## ஈர்ப்பு குறுக்கிடும்போது

மீள்தன்மைக்கு மிகக் கடுமையான சவால் அளவீட்டிலிருந்து வரவில்லை, கருந்துளையிலிருந்து வந்தது. 1974இல் ஸ்டீபன் ஹாக்கிங், கருந்துளைகள் வெப்பக் கதிர்வீச்சை வெளியிட்டு மெல்ல ஆவியாகும் என்று கண்டார். அவருடைய கணக்கில் அந்தக் கதிர்வீச்சு, கருந்துளையின் நிறை, மின்னூட்டம், சுழற்சி ஆகியவற்றைத் தவிர உள்ளே விழுந்தது எது என்பதைச் சற்றும் சார்ந்திருக்கவில்லை. வெவ்வேறு பொருள்கள் விழுந்து உருவான கருந்துளைகள் ஒரே கதிர்வீச்சாக முடிந்தால், கான்வேயின் வெற்றுப் பலகை இயற்கையிலேயே இருக்கிறது என்று பொருள். 1976இல் ஹாக்கிங் அந்த முடிவை வெளிப்படையாக ஏற்றார். 2004இல் அதைக் கைவிட்டார்.

இடையில் நிகழ்ந்தவற்றில் இரண்டு முக்கியமானவை. 1993இல் டான் பேஜ், தகவல் காக்கப்படுமானால் கதிர்வீச்சின் எண்ட்ரோபி முதலில் உயர்ந்து, ஆவியாதலின் ஏறத்தாழப் பாதி வழியில் திரும்பி இறங்க வேண்டும் என்று காட்டினார். 1997இல் ஹுவான் மால்டசேனா முன்வைத்த இருமைத் தொடர்பு, குறிப்பிட்ட ஒரு வகை வெளியில் கருந்துளையை ஈர்ப்பே இல்லாத, மீள்தன்மை உறுதியான ஒரு குவாண்டம் அமைப்பாக விவரிக்கலாம் என்பதற்கு வலுவான காரணங்களைத் தந்தது. 2019இல் இரு ஆய்வுக்குழுக்கள் தனித்தனியே செய்த கணக்குகளில் பேஜின் வளைவு உண்மையில் கிடைத்தது. 'புதிர் தீர்ந்தது' என்று தலைப்புச் செய்திகள் வந்தது இதையொட்டித்தான். அந்தக் கணக்குகள் எண்ட்ரோபி திரும்பி இறங்குவதைக் காட்டுகின்றன. விழுந்த பொருளின் விவரம் எந்த வழியாகக் கதிர்வீச்சுக்குள் ஏறுகிறது என்பதை இன்னும் காட்டவில்லை. அவை எளிமைப்படுத்தப்பட்ட மாதிரி வெளிகளில் செய்யப்பட்டவை என்பதையும் கவனிக்க வேண்டும்.

வானத்தைப் பார்த்து இதற்குத் தீர்ப்புக் கூறுவதும் இயலாது. சூரியனின் நிறை கொண்ட ஒரு கருந்துளையின் வெப்பநிலை, கெல்வின் அளவில் ஒரு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு. அதைச் சூழ்ந்துள்ள பின்னணிக் கதிர்வீச்சின் வெப்பநிலையோ 2.7 கெல்வின். எனவே அது இன்று இழப்பதைவிடப் பெறுவதே அதிகம். தனித்து விடப்பட்டாலும் அது ஆவியாகி முடிய ஏறக்குறைய 10⁶⁷ ஆண்டுகள் ஆகும். மீள்தன்மை பற்றிய கேள்விக்கான விடை, இப்போதைக்கு, ஈர்ப்பின் குவாண்டம் கோட்பாட்டைக் கட்டியெழுப்புவோரின் கணக்குத்தாள்களிலிருந்துதான் வந்தாக வேண்டும்.